வேர்ப்பட்டை

ஆவாரஞ்செடி வெட்டுவதற்குத் தீர்த்தம்மாள் ரெண்டு சட்டம் வைத்திருந்தாள். தரையிலிருந்து நாலு விரற்கடை விட்டுத்தான் அரிவாள் விழ வேண்டும். எந்தச் செடியானாலும் பூவோடு ஒரு கொம்பை விட்டுவிட வேண்டும். ரெண்டில் எதை மீறினாலும் அன்றைக்கே அரிவாளைப் பிடுங்கிக்கொண்டு கரட்டை விட்டு இறக்கிவிடுவாள். சொந்த நாத்தனார் மகளையே அப்படி இறக்கிவிட்டு, தீபாவளி வரைக்கும் அந்தக் குடும்பத்தோடு பேச்சுவார்த்தை இல்லாமல் கிடந்தவள் அவள்.

தொப்பூர்க் கணவாய்க்கு மேற்கே, ஊத்துப்பள்ளத்துக் கொட்டாய் என்கிற சிற்றூருக்குப் பின்னால் கிடக்கிறது அந்தக் கரடு. உழவுக்கு ஆகாது. சின்னக் குன்று, மேலெல்லாம் கல்லும் ஆவாரையும்தான். கொட்டாயில் நிலம் உள்ளவர்களுக்கு அது வெறும் கரடு. நிலம் இல்லாதவர்களுக்கு அதுதான் வயல். ஆவணியில் மழை இறங்கிச் செடியில் சாறு ஏறிவிட்டால் பட்டை இளகிக்கொள்ளும். கொம்பை வெட்டிப் பாறைமேல் கிடத்தி, கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியால் தட்டிக்கொண்டே போனால் நாடா நாடாவாக உரிந்து வரும். காயவைத்துக் கட்டுக் கட்டி, நல்லம்பள்ளியில் காஜா பாய் வைத்திருக்கும் பட்டை மண்டிக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து லாரியேறி வாணியம்பாடிப் பக்கத்துத் தோல் ஷாப்புகளுக்குப் போகும். பட்டை ஊறிய தண்ணீரில் ஆட்டுத்தோலைப் போட்டு வைத்தால், அழுக வேண்டிய தோல் அழுகாமல் கெட்டிப்படும். அப்புறம் அது கப்பலேறி வெளிநாட்டுக்குப் போய்விடும்.

தோல் ஷாப்பில் ஆட்டுத்தோலுக்கு நடப்பது கரட்டில் இவர்கள் கைக்கு முதலிலேயே நடந்துவிடும். பட்டைச் சாறு பட்டுப் பட்டு உள்ளங்கை செம்மண் நிறத்துக்கு வந்து, நகம் கறுத்து, தோல் செருப்பு மாதிரி ஆகிவிடும். எந்தச் சோப்புக்கும் போகாது. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் இலையில் வைத்த கையைப் பார்த்தே பரிமாறுகிறவன், "கரட்டு ஆளுங்களா?" என்று கேட்பான். தீர்த்தம்மாள் கையை ஒளித்ததில்லை. "ஆமாங்க, கரட்டு ஆளுதான். கொழம்ப நல்லா ஊத்துங்க" என்பாள்.

அந்தக் கைமேல் அவளுக்கு மரியாதை வந்ததற்குக் காரணம் உண்டு. அவள் புருஷன் சென்றாயன் கிருஷ்ணகிரிப் பக்கம் கருங்கல் குவாரியில் வேலை செய்தவன். மாதத்துக்கு ஒருமுறை வருவான். அவன் சட்டையை அலசினால் வாளித் தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீர்போல வெளுக்கும். அவ்வளவு கல்லுத் தூள். சட்டையில் இருந்ததை அலசிவிட்டாள். நெஞ்சுக்குள் போனதை அலச முடியவில்லை. ஆஸ்பத்திரியில் டி.பி. என்று மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை தின்றுகொண்டே இருமினான். கடைசி ஆறு மாதம் படுக்கவும் முடியாமல், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே மூச்சு விட்டான். செத்தபோதும் உட்கார்ந்தேதான் இருந்தான். நீட்டிக் கிடத்துவதற்குள் விறைத்துப்போய், பாடையில் வைக்க முழங்காலை அழுத்த வேண்டியிருந்தது. அழுத்தியவள் தீர்த்தம்மாள்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே கணக்கு. மகன் தர்மன் குவாரிக்குப் போகக் கூடாது. அதற்குக் கரடு இருக்க வேண்டும். கரடு இருக்க வேண்டுமானால் நாலு விரற்கடை துளிருக்கும் ஒரு பூக்கொம்பு விதைக்கும் விட வேண்டும். சட்டம் அங்கிருந்து வந்ததுதான்.

பெரிய வறட்சி முடிந்து ரெண்டு வருஷம் கழித்து, ஆடிக் கடைசியில் ஒரு நாள், காஜா பாய் தன் மொபெட்டில் கொட்டாய்க்கே வந்துவிட்டார். ஆளனுப்பாமல் அவரே வருகிற வழக்கம் கிடையாது. வேப்பமரத்தடியில் கொட்டாப்புளிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்த தீர்த்தம்மாள் எழுந்து, கவிழ்த்துப் போட்டிருந்த உரலைக் காட்டினாள்.

"குந்துங்க பாய். வூட்ல எல்லாரும் நல்லாருக்கறாங்களா?"

"இருக்கறாங்கம்மா." பாய் உட்கார்ந்து துண்டால் கழுத்தைத் துடைத்தார். "தீர்த்தம்மா, இந்த வருஷம் பட்டை அறுக்கறதா வேணாமான்னு ரோசனையா இருக்குது."

"என்னாங்க பாய் இப்படிச் சொல்றீங்க? மழை நல்லா எறங்கியிருக்குது. செடி தளதளன்னு நிக்குது."

பக்கத்தில் அரிவாள் தீட்டிக்கொண்டிருந்த ராமக்காள் சும்மா இருப்பாளா? தீர்த்தம்மாள் தலைமையில் பட்டை உரிக்கிற கூட்டத்தில் கைவேகம், வாய்வேகம் ரெண்டிலும் அவள்தான் முதல். "பொண்ண அலங்காரம் பண்ணி உக்கார வெச்சப்பறம் மாப்ள வூட்டுக்காரரு வயித்து வலின்னு வந்து நிக்கறாரு பாரு" என்றாள்.

பாய் சிரிக்கவில்லை.

"வெளிநாட்டுல ஒரு மரம் இருக்குது" என்று பாய் ஆரம்பித்தார். "அதோட பட்டையைக் காய்ச்சி, சாறைச் சுண்ட வெச்சி, தூளாக்கி மூட்டை கட்டிக் கப்பல்ல அனுப்பறாங்க. நம்ம பட்டை பத்து மூட்டை செய்யற வேலைய அது ரெண்டு மூட்டையில செஞ்சிடும். ரொம்ப வருஷமா வர்றதுதான். ஆனா மெட்ராஸ் துறைமுகத்துல எறக்குனா சுங்க வரின்னு ஒண்ணு கட்டணும். அதக் கட்டிட்டா அதோட வெல ஏறிடும். நம்ம பட்டைதான் மலிவுன்னு தோல் ஷாப்புக்காரங்க நம்மகிட்ட வந்தாங்க. இப்ப பட்ஜெட்ல அந்த வரியப் பாதிக்கு மேல வெட்டிட்டாங்க."

"எதுக்குங்க வெட்டனாங்க?"

"தோலு வெளிநாட்டுக்குப் போவுதில்ல? அங்க இருக்கறவன் இந்த வெலைக்குத் தந்தா எடுத்துக்கறன், இல்லன்னா வேற நாட்டுல வாங்கிக்கறன்னு சொல்றான். இங்க தோல் ஷாப்புக்குச் செலவு கொறஞ்சாத்தான் அந்த வெலைக்கு அனுப்ப முடியும். தோலு போனா டாலர் வரும். அதுக்காவ வெட்டனாங்க."

"செரிங்க. எங்களுக்கு?"

பாய் கையை விரித்தார். "நம்மள யாரும் கேக்கலம்மா. உன்னையும் கேக்கல, என்னையும் கேக்கல."

"அந்தக் கப்பல் பட்டை எங்களாட்டம் வெயில்ல காயுமா பாய், இல்ல கொடை புடிச்சிக்கினு வருமா?" என்றாள் ராமக்காள். அன்றிலிருந்து அதற்குக் கொட்டாயில் கப்பல் பட்டை என்றே பேர் வந்துவிட்டது.

பாய் கடைசியில் சொன்னது இதுதான். ஒரே ஒரு தோல் ஷாப்பு பழைய பழக்கத்துக்காக ஆவாரம்பட்டை எடுத்துக்கொள்கிறது. ஆனால் போன வருஷ விலையில் பாதிதான் தரும். கரட்டைப் பஞ்சாயத்து ஏலத்தில் பாய் ஏற்கெனவே எடுத்துவிட்டார், அதனால் அறுக்கச் சொல்கிறார். பிடித்தால் அறுக்கலாம்.

பிடிக்காமல் என்ன செய்வது? அறுத்தார்கள்.

பாதி விலைக்கு அறுப்பது எப்படி இருக்கும் என்று அறுத்தவர்களுக்குத்தான் தெரியும். வெயில் பாதியாகவில்லை. பாறையின் சூடு பாதியாகவில்லை. கொட்டாப்புளி எழும்பி விழுகிற வேகத்தைக் கூட்டினார்கள், பொழுது இறங்கியும் கரட்டிலேயே கிடந்தார்கள், அப்படியும் வாரக் கடைசியில் சந்தைக்குப் போனால் பை பாதிதான் நிறைந்தது. ஒவ்வொருவராகக் கழன்றார்கள். ஒரு குடும்பம் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனது. இன்னொன்று செங்கல் சூளைக்கு. பிள்ளைகளைச் சத்துணவு போடுகிற பள்ளிக்கூடத்தை நம்பிப் பாட்டிகளிடம் விட்டுவிட்டுப் போனார்கள்.

குவாரி மேஸ்திரி வந்தது அந்தச் சமயத்தில்தான். ஆட்கள் எங்கே இளைத்திருக்கிறார்கள் என்பது அந்த மேஸ்திரிகளுக்கு மூக்கிலேயே தெரிந்துவிடும். சந்தையில் தர்மனைப் பிடித்து டீ வாங்கிக் கொடுத்துப் பேசியிருந்தான். இருபத்திரெண்டு வயது, அகலமான தோள், கொட்டாப்புளி பிடித்த கை. எந்த மேஸ்திரி விடுவான்?

"வெள்ளிக்கெழம டிராக்டர் வருதாம்மா. நான் போறன்" என்றான் தர்மன், களியை உருட்டியபடியே.

தீர்த்தம்மாள் அகப்பையைக் கீழே வைத்தாள். "எங்க போற?"

"எங்கன்னு உனக்குத் தெரியும்."

"உங்கப்பன் எப்படிச் செத்தான்னும் உனக்குத் தெரியும்."

"அப்பன் கல்லு வேலைல செத்தாரு. நான் பட்டை வேலைல சாவட்டுமா? வயித்துக்கு எல்லாம் ஒண்ணுதான்."

"ஒண்ணில்லடா. பசில செத்தா படுத்துக்கினு சாவலாம்."

தர்மன் கையைக் கழுவிவிட்டு, "அங்க வெட்டற கல்லும் கப்பல்லதான் போவுதாம்மா. வெளிநாட்டுல சமாதிக்கு வெக்கறாங்களாம். மேஸ்திரி சொன்னான்" என்றான். ஏதோ சமாதானம் சொல்வதுபோலச் சொன்னான். அவளுக்கு அது சமாதானமாக இல்லை.

மறுநாள் நடந்தது தற்செயல். ஓடைக் கரையில் மழை வெள்ளம் மண்ணை அறுத்து ஒரு கிழட்டு ஆவாரையைச் சாய்த்துப் போட்டிருந்தது. தர்மன் அதன் வேரைச் சும்மா தட்டிப் பார்த்தான். பட்டை விரல் கனத்துக்கு உரிந்து வந்தது. கொம்பில் ஒரு கட்டு சேர இருபது செடி வேண்டும் என்றால், வேரில் நாலைந்து செடி போதும். காயவைத்தாலும் எடை இறங்கவில்லை. தலையில் ஒரு கட்டு வைத்துக்கொண்டு நல்லம்பள்ளிக்கே போய்விட்டான். தீர்த்தம்மாளும் பின்னாலேயே போனாள், பாய் வேண்டாம் என்று சொல்லிவிட மாட்டாரா என்ற நினைப்போடு.

காஜா பாய் ஒரு துண்டை ஒடித்து, நகத்தால் கீறி, கடைவாயில் வைத்து மென்றார். பட்டையின் தரம் அவருக்கு நாக்கில்தான் இருந்தது. எவ்வளவு துவர்க்கிறதோ அவ்வளவு தோல் பிடிக்கும். மென்றவர் முகம் சுருங்கியது. துப்பிவிட்டு, "நல்ல துவர்ப்பு. வேரா?" என்றார்.

"வேருதாங்க பாய்" என்றான் தர்மன். "எடுத்துக்குவீங்களா?"

"எடுத்துக்கறன். கொம்புப் பட்டையை விடக் கொஞ்சம் சேத்தே போடறன்." அப்புறம் தீர்த்தம்மாளைப் பார்த்தார். அவள் சட்டம் அவருக்குத் தெரியும். "ஏம்மா, வேர எடுத்தா அது மறுபடி..."

"தெரியுங்க."

"எனக்கு ஏலம் இந்த ஒரு வருஷத்துக்குத்தாம்மா. அடுத்த வருஷம் கரடு யாருதோ. நான் எடுக்காதன்னு சொல்லவும் முடியாது, எடுன்னு சொல்லவும் மாட்டன். கொண்டாந்தா எடை போடுவன். அவ்ளோதான்."

ஒளிவு மறைவில்லாத பேச்சுதான். ஆனால் அதில் பிடித்துக்கொள்ள ஒரு பிடியும் இல்லை.

திரும்பி வருகிற வழியில் தர்மன் முன்னால் நடந்தான். "வேரு எடுக்கலாம்னா நான் இருக்கறம்மா. இல்லன்னா வெள்ளிக்கெழம" என்றான், திரும்பிப் பார்க்காமலே.

அன்றைக்கு மத்தியானம் தீர்த்தம்மாள் ஒண்டியாகக் கரட்டுக்கு ஏறினாள். வெட்டிவிட்ட கட்டைகளில் அதற்குள் சிவப்புத் துளிர் விட்டிருந்தது. ஒவ்வொரு செடியிலும் ஒற்றைக் கொம்பு மஞ்சள் பூவோடு காற்றில் ஆடியது. எந்தச் செடியை எந்த வருஷம் யார் வெட்டினார்கள் என்பது வரைக்கும் அவளுக்குத் தெரியும். இந்த ஒரு வருஷத்தைத் தள்ளிவிட்டால் போதும் என்று நினைத்தாள். பிறகு, இந்த ஒரு வருஷத்தைத் தள்ளினால் அடுத்த வருஷத்துக்கு எதை வைத்துத் தள்ளுவது என்றும் நினைத்தாள். ரெண்டாவது நினைப்பு சரியானது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் வெள்ளிக்கிழமை முதல் நினைப்பின் பக்கத்தில் இருந்தது.

மறுநாள் காலையில் நல்லம்பள்ளிக் கொல்லன் பட்டறையில் ஒரு கடப்பாரை வாங்கி, முனையைத் தட்டித் தீட்டச் சொல்லி, தோளில் வைத்துக்கொண்டு நேராகக் கரட்டுக்கே வந்தாள். கொட்டாப்புளிச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது.

"என்னாக்கா இது? எவனப் பொதைக்கறதுக்கு?" என்றாள் ராமக்காள்.

தீர்த்தம்மாள் பக்கத்தில் இருந்த செடியின் அடியில் கடப்பாரையை ஓங்கிப் போட்டாள். கல்லில் பட்டுப் பொறி பறந்தது. ரெண்டாவது போட்டாள். மண் விட்டது. நெம்பினாள். செடி முனகிக்கொண்டு சாய்ந்தது. பிற்பாடு பழி என்று வந்தால் அது தன்மேல்தான் விழ வேண்டும் என்றுதான் முதல் செடியை அவளே சாய்த்தாள்.

எல்லாருக்கும் மூத்தவளான குள்ளம்மாள் மட்டும் மெதுவாகக் கேட்டாள். "பூக்கொம்பு விடணுமே, தீர்த்தம்மா?"

சாய்ந்து கிடந்த செடியில் அந்த ஒற்றைக் கொம்பு பூவோடு அப்படியே இருந்தது. தீர்த்தம்மாள் அதைப் பார்த்தாள். பிறகு அரிவாளால் அதையும் வெட்டி, தட்டுகிற பாறைப்பக்கம் எறிந்தாள்.

வெள்ளிக்கிழமை டிராக்டர் வந்தது. தர்மன் ஏறவில்லை. பெங்களூருக்குப் போனவர்கள்கூடக் கேள்விப்பட்டு ரெண்டு பேர் திரும்பி வந்தார்கள். கரட்டை அடிவாரத்திலிருந்து மேல்நோக்கித் தோண்டிக்கொண்டே போனார்கள். தீர்த்தம்மாள் வாய் திறப்பது குறைந்துவிட்டது. தப்பாக வெட்டினால் திட்டுவதற்குச் சட்டம் இல்லையே. ராமக்காள்கூடத் தன் நக்கலை நிறுத்திக்கொண்டாள். பக்கத்துக் கரடுகளில் பட்டை உரிக்கிற கூட்டத்தாரும் வந்து பார்த்தார்கள். ஒரு வாரத்தில் அங்கேயும் கடப்பாரைச் சத்தம் கேட்டது. தீர்த்தம்மாளே தோண்டுகிறாள் என்றால் தோண்டலாம் போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்களாம்.

மார்கழி முடிந்தது. பொங்கலுக்கு வாசலில் காப்புக் கட்ட வேப்பிலை கிடைத்தது, பூளைப்பூ கிடைத்தது. ஆவாரம்பூ இல்லை. ஊரெல்லாம் வந்து பூப்பறிக்கிற கரடு அது. அந்தப் பொங்கலுக்கு ஊத்துப்பள்ளத்துக்காரர்கள் மலையடிவாரம் வரைக்கும் நடந்துபோய், கண்டவர் வரப்பில் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார்கள். தீர்த்தம்மாள் போகவில்லை. அவள் வீட்டு வாசல் நிலையில் வேப்பிலை மட்டும் தொங்கியது.

மாசியில் மறுபடி பட்ஜெட் வந்தது. டெல்லியில் என்ன கணக்குப் போட்டார்களோ, கப்பல் பட்டைக்கு வெட்டிய வரியைத் திரும்பப் போட்டு, அதற்கு மேலும் ஏற்றிவிட்டார்கள். ரேடியோவில் சொன்னார்கள். சிமெண்டு, சிகரெட்டு, டயர் என்று சொல்லிக்கொண்டே போன பட்டியலில் அது எங்கோ ஒரு மூலையில் கிடந்தது. கொட்டாயில் யாரும் காது கொடுக்கவில்லை. மழைக்குப் பிறகு, ஆவணி முதல் வாரத்தில், கணவாய்ப் பக்கமிருந்து ஒரு லாரி மண்பாதையில் ஆடி ஆடி வந்து வேப்பமரத்தடியில் நின்றபோதுதான் விஷயம் அவர்களுக்கு வந்து சேர்ந்தது.

லாரியின் முன்பக்கத்திலிருந்து காஜா பாய் இறங்கினார். வாய் நிறையச் சிரிப்பு.

"தீர்த்தம்மா! கப்பல் பட்டை கவுந்துச்சும்மா! வரிய ஏத்திட்டாங்க. போன வருஷத்த விட மும்மடங்கு வெல. வாணியம்பாடில ஒரு ஷாப்புக்காரரு வெளிநாட்டு ஆர்டரு புடிச்சி வெச்சிருக்கறாரு. வரி கொறஞ்சிருந்தப்ப பேசுன வெல, இப்ப மாத்த முடியாது. கப்பல் பட்டைய வாங்கிப் போட்டா மொதலுக்கே மோசம். நம்ம பட்டைன்னாத்தான் அவருக்குக் கட்டும். முழு லாரி அனுப்பறன்னு வாக்குக் குடுத்துட்டன். கரட்டையும் நாந்தான் ஏலம் எடுத்திருக்கறன். எப்ப அறுக்கறீங்க?"

பாய் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"என்னாம்மா? காது கேக்கலியா? மும்மடங்கு!"

"கரட்டப் பாத்தீங்களா பாய்?" என்றாள் தீர்த்தம்மாள்.

"ஏலம் எடுக்கறதுக்குக் கரட்ட எதுக்குப் பாக்கணும்? வருஷா வருஷம் எடுக்கறதுதான..." சொல்லிக்கொண்டே போனவர் நிறுத்தினார். வேப்பமரத்தைத் தாண்டிப் போய், கையை நெற்றிக்குக் கொடுத்து மேலே பார்த்தார்.

மழை பெய்த கரடு. சுற்றுப்புறமெல்லாம் பச்சை. கரடு மட்டும் சிவப்பாக, அம்மை வார்த்த முகம்போலக் குழி குழியாகக் கிடந்தது. தோண்டிவிட்ட மண்ணை மழை இழுத்துக்கொண்டு போயிருந்தது. அங்கங்கே விரல் உயரத்துக்கு விதைக் கன்றுகள். அது பட்டை கொடுக்கிற செடியாக இன்னும் மூன்று வருஷம் ஆகும். அதுவும் மண் நின்றால்.

பாய் அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்தார். "எல்லாமா?"

"எல்லாந்தான். உங்களுக்குத் தெரியாததா? கட்டுக் கட்டா எடை போட்டது நீங்கதான?"

"போட்டன்." அவர் மறுக்கவில்லை. "மென்னு பாத்துத்தான் போட்டன். ஆனா பூராத்தையும் எடுத்துடுவீங்கன்னு நெனைக்கலம்மா. உன் சட்டம் இருக்குது, ஒரு ஓரமாவாவது விட்டு வெப்பன்னு இருந்துட்டன்."

"நான் உங்கள நெனச்சன் பாய். நீங்க துப்பிட்டு வேணாம்னு சொல்லுவீங்கன்னு நல்லம்பள்ளி வரைக்கும் நடந்து வந்தன்."

பாய் தலையைத் திருப்பி அடுத்த கரட்டைத் தேடினார்.

"பக்கத்துக் கரடு?" என்று பாய் கேட்டார்.

"எங்களப் பாத்து அவங்களும் தோண்டிட்டாங்க."

"சுடுகாட்டு ஓரத்துல நிக்குது பாருங்க, கொஞ்சம்" என்று ராமக்காள் கையை நீட்டினாள். "அத எவனும் தொடல. அறுத்தா ரெண்டு கட்டுத் தேறும். அத வேணா லாரில ஏத்திக்கினு போங்க. பொணத்துக்குப் பயப்படாதவங்க யாரும் இருந்தா."

சிரிப்பதற்காகத்தான் சொன்னாள். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

பாய் எழுந்து வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "வாக்குக் குடுத்த ஆளுகிட்ட நான் எந்த மூஞ்சியோட போறது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். தான் போகவில்லை, லாரி மட்டும் போய்ப் பட்டை இல்லை என்ற சேதியைச் சொல்லட்டும், வரும்போது ஆம்பூரில் வேறு லோடு இருந்தால் ஏற்றி வரட்டும் என்று டிரைவரிடம் சொன்னார். தன்னை நல்லம்பள்ளியில் இறக்கிவிடச் சொன்னார்.

தர்மன் அதுவரைக்கும் வேப்பமரத்தில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். டிரைவர் பக்கம் போய், "அண்ணே, கிருஷ்ணகிரி வழியாத்தான போறீங்க?" என்றான்.

"ஆமாம்பா. ஏன்?"

"குவாரி ரோட்டுல எறக்கி விடுவீங்களா?"

"வண்டி காலியாத்தான் போவுது. எத்தினி பேரு வேணாலும் ஏறிக்கங்க" என்றான் டிரைவர். அவன் நல்ல மனசோடுதான் சொன்னான்.

தர்மன் தாயிடம் வந்தான். கோபமாக இல்லை. "ஒரு வருஷம் இருந்தம்மா உனக்காவ" என்றான். "இனிமே எதத் தோண்டச் சொல்ற?"

அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. தீர்த்தம்மாள் வீட்டுக்குள் போனாள். அவன் வேட்டி ரெண்டையும் சட்டையையும் பையில் வைத்தாள். ராகி மாவு கொஞ்சம் முடிந்து வைத்தாள். அப்புறம் பழைய புடவை ஒன்றை எடுத்து, ஒரு முழத்துக்கு மேல் நீளமாகக் கிழித்து, இன்னொரு முழம் கிழித்து, புடவை முழுவதையும் கிழித்தாள். வெளியே வந்து அந்தத் துணிகளை அவன் கையில் திணித்தாள்.

"என்னாது இது?"

"மூக்குல, வாயில கட்டிக்க. தெனமும் ஒண்ணு. நனைச்சிக் கட்டு. உங்கப்பன் வெக்கப்பட்டுக்கினு கட்டல. எவன் சிரிச்சாலும் கட்டுடா."

"செரிம்மா."

"மெஷினு தொளை போடறப்ப காத்துக்கு எதுக்க நிக்காத."

"செரி."

டிரைவர் ஹாரன் அடித்தான். ராமக்காளின் மகன் சட்டையை மாட்டிக்கொண்டே ஓடி வந்தான். ராமக்காள் அவனைத் தடுக்கவில்லை. இன்னும் ரெண்டு பேர் ஏறினார்கள். பட்டைக் கட்டுகள் அடுக்க வேண்டிய இடத்தில் நாலு பேரும் கால் நீட்டி உட்கார்ந்தார்கள். போன வருஷத்துப் பட்டைத் தூள் அந்தப் பலகை இடுக்குகளில் இன்னும் இருந்தது, துவர்ப்பு வாசனையோடு.

லாரி கிளம்பப் போகும்போது தர்மன் பக்கப் பலகையைப் பிடித்துக் குனிந்தான். "யம்மா, அங்க கடப்பாரை சொந்தமா இருந்தா கூலி கொஞ்சம் சேத்துத் தருவாங்களாம். மேஸ்திரி சொன்னான்."

அது வீட்டுச் சுவரில் சாய்த்து வைத்திருந்தது. தோண்டித் தோண்டி முனை வெள்ளியாக மின்னியது. தீர்த்தம்மாள் போய் எடுத்துக்கொண்டு வந்தாள். கனத்தது. ஒரு வருஷம் அதைத் தூக்கியவளுக்கு அது கனமே இல்லை, ஆனால் அன்றைக்குக் கனத்தது. ரெண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கி லாரிக்குள் நீட்டினாள். தர்மன் வாங்கிக்கொண்டான்.

காஜா பாய் முன்னால் ஏறிக் கதவைச் சாத்தினார். காலி லாரி மண்பாதையில் தடதடவென்று சத்தம் போட்டுக்கொண்டு போனது. லோடு ஏற்றிய லாரி அப்படிச் சத்தம் போடாது. கணவாய் ரோட்டில் அது ஏறித் திரும்புகிற வரைக்கும் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் வழக்கமான மற்ற லாரிகளின் சத்தத்தில் எது அதன் சத்தம் என்று தெரியாமல் போய்விட்டது.

தீர்த்தம்மாள் தன் கையைப் பார்த்தாள். ஆவணி பிறந்தும் பட்டைச் சாறு படாமல் உள்ளங்கை வெளுத்துப்போய், யாரோ ஒருத்தியின் கையைப்போல இருந்தது.